பங்குனி, சித்திரையில் குட்டியும் கன்றும் குஞ்சும்: யாழ்ப்பாண வளவுகளுக்கான கேள்வி பதில்

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலிக் குழையும் புல்லும் தழைத்ததும் வயிறு நிறைந்த மறியாடுகள் பருவத்துக்கு வரும். அப்போது கிடாயோடு சேர்ந்தவை பங்குனி, சித்திரையில் குட்டி போடும். அதற்குள் மழை நின்று, புல் கருகி, கிணற்றில் தண்ணீர் இறங்கத் தொடங்கியிருக்கும். அடுத்ததாகச் சோளகக் காற்றும் வீசும். தாய்க்குத் தீனும் தண்ணீரும் கூடுதலாக வேண்டிய நேரத்தில்தான் வளவில் அவை குறைவாக இருக்கும். ஐந்தாறு ஆடு, ஒன்றிரண்டு பசு, கொஞ்சம் ஊர்க்கோழி என்று வைத்திருக்கும் வீடுகளை மனதில் வைத்தே இதை எழுதியிருக்கிறோம். ஆட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள், அதனால் பதிலும் அதைப் பற்றியே அதிகம்.

ஆடு எந்த நாளில் குட்டி போடும் என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது?

கிடாயோடு சேர்ந்த நாளிலிருந்து 150 நாள். ஐந்து நாள் முன்பின்னாகலாம். 5 மாதம் கூட்டி ஒன்றிரண்டு நாள் கழித்தாலும் போதும்: ஒக்ரோபர் 20ஆம் திகதி சேர்த்த ஆடு மார்ச் 19ஆம் திகதியை ஒட்டிப் போடும். சேர்த்த நாளைக் கலண்டரில் எழுதி வையுங்கள். சேர்த்து 18 முதல் 22 நாளுக்குள் ஆடு மறுபடி கத்தி, வாலை ஆட்டி, கிடாயைத் தேடினால் சினை பிடிக்கவில்லை என்று அர்த்தம். அப்போது பழைய திகதியை வெட்டிவிட்டுப் புதியதை எழுத வேண்டும்.

கிடாய் எப்போதும் மறிகளோடு திரியும் வளவுகளில் இந்தக் கணக்கு சரிவராது. நாள் தெரியாமல் போனால் கடைசி மாதத்துத் தீன், கொட்டில் ஏற்பாடு, இரவுக் காவல் மூன்றும் பிசகிவிடும். கிடாயைத் தனியே கட்டுவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

சினை ஆட்டுக்குக் கடைசி மாதங்களில் என்ன, எவ்வளவு கொடுப்பது?

முதல் மூன்றரை மாதம் வழமையான குழையும் புல்லும் போதும். வயிற்றுக் குட்டியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கடைசி ஆறு கிழமையில்தான் சேர்கிறது. அந்த நேரம் குட்டி பெருத்து இரைப்பையை நெருக்குவதால் ஆட்டால் ஒரே நேரத்தில் அதிகம் தின்னவும் முடியாது. கொடுக்கும் தீன் கொஞ்சமாகவும் சத்தாகவும் இருக்க வேண்டும்.

25 முதல் 30 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு ஆறு கிழமைக்கு முன் நாளொன்றுக்கு 200 கிராம் கலவைத் தீன் தொடங்கி, கடைசி இரண்டு கிழமையில் 300 முதல் 400 கிராம் வரை ஏற்றலாம். தவிடு இரண்டு பங்கு, தேங்காய்ப் பிண்ணாக்கு ஒரு பங்கு, உடைத்த சோளம் ஒரு பங்கு, ஒரு கிலோ கலவைக்கு உப்பு 10 கிராம், கனிமத்தூள் 10 கிராம் என்று சேர்த்தால் எளிய, நல்ல கலவை. காலை, மாலை எனப் பிரித்துக் கொடுங்கள். ஒரே நாளில் அளவைக் கூட்டினால் வயிறு புளித்து ஆடு தின்பதையே நிறுத்திவிடும்.

குழைக்குச் சீமைக்கிளுவை, பூவரசு, முருங்கை, பலா எல்லாம் நல்லவை. இப்பிலிப்பிலை மொத்தக் குழையில் மூன்றில் ஒன்றுக்கு மேல் போட வேண்டாம். அதிலுள்ள மிமோசின் என்ற நச்சு தொடர்ந்து அதிகமாகச் சேர்ந்தால் மயிர் கொட்டும், சினைக்கும் கூடாது. சீமைக்கிளுவையைச் சில ஆடுகள் மணத்துக்காகவே ஒதுக்கும். வெட்டி அரை நாள் வாடவிட்டுக் கட்டினால் தின்னும்.

குடற்பூச்சி மருந்து கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அல்பெண்டசோலைச் சினையின் முதல் மாதத்தில் கொடுத்தால் குட்டி ஊனமாகப் பிறக்கலாம். மருந்து வாங்கப் போகும்போது ஆடு எத்தனை மாதச் சினை என்று கால்நடை வைத்தியரிடம் சொல்லியே கேளுங்கள்.

கடைசி மாதத்தில் ஆடு தின்னாமல் ஒதுங்கி நிற்கிறது. சூடுதான் காரணமா?

வெயிலால் மந்தமாக இருக்கும் ஆடு மாலையில் நிழல் சாய்ந்ததும் தின்னும். மாலையிலும் தின்னாமல், பல்லை நறநறவென்று கடித்து, தள்ளாடி நடந்து, மூச்சில் ஒருவித இனிப்பு மணம் அடித்தால் அது சினைக்கால நஞ்சேற்றம். இரட்டைக் குட்டி சுமந்து தீன் போதாமல் போன ஆட்டுக்கு வருவது. உடம்பு தன் கொழுப்பையே அவசரமாகக் கரைக்கும்போது சேரும் நச்சுப் பொருள்தான் காரணம். அளவுக்கு மிஞ்சிக் கொழுத்த ஆட்டுக்கும் வரும்.

அன்றைக்கே வைத்தியரைக் கூப்பிட வேண்டிய நிலை இது. புரோப்பிலின் கிளைக்கோல் 60 மில்லிலீற்றர் வீதம் நாளுக்கு இரண்டு தடவை பருக்கச் சொல்வார். தேவையானால் குளுக்கோஸ் ஏற்றுவார். ஆடு விழுந்து படுத்த பிறகு தொடங்கும் வைத்தியம் பெரும்பாலும் பலிக்காது. நிற்கும்போதே கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் கடைசி மாதத்தில் தினமும் மாலைத் தீன் போடும்போது பக்கத்தில் நின்று, எந்த ஆடு பிந்தி வருகிறது என்று பாருங்கள்.

கொட்டிலில் முன்கூட்டியே என்ன செய்து வைக்க வேண்டும்?

குட்டி போடுவதற்கு ஒரு கிழமைக்கு முன் தாயைத் தனி இடத்துக்கு மாற்றுங்கள். நாலடிக்கு ஐந்தடி போதும். மற்ற ஆடுகளின் சத்தம் கேட்க வேண்டும், ஆனால் அவை முட்ட வரக்கூடாது. நிலத்தைக் கூட்டி, சுண்ணாம்பு தூவிக் காயவிட்டு, மேலே உலர்ந்த வைக்கலை நாலு விரல் தடிப்பில் பரப்புங்கள். மரத்தூள் வேண்டாம். ஈரக் குட்டியின் மூக்கிலும் கொப்பூழிலும் ஒட்டிக்கொள்ளும்.

பரண் கொட்டிலானால் சலாகைகளுக்கு இடையிலுள்ள நீக்கலை அளந்து பாருங்கள். பெரிய ஆட்டுக்கு ஒன்றரைச் சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. ஆனால் பிறந்த குட்டியின் குளம்பு அதில் இறங்கும், கால் முறியும். பனஞ்சலாகை காய்ந்து சுருங்கும்போது நீக்கல் இன்னும் விரியும். முதல் இரண்டு கிழமைக்கு மூலையில் சாக்கு விரித்து, அதை நாளுக்கொரு தடவை வெயிலில் காயப்போட்டு மாற்றுங்கள்.

கைக்கெட்டும் இடத்தில் ஒரு வாளியில் இவற்றை வைத்துக்கொள்ளுங்கள்: பாமசியில் கிடைக்கும் பொவிடோன் அயடீன் கரைசல், வாயகன்ற சின்னப் போத்தல், சவர்க்காரம், பழைய பருத்தித் துணி நாலைந்து, புதிய சவர அலகு, நூல், கையுறை, தேங்காய் எண்ணெய், டோர்ச், சூப்பிப் போத்தல். கால்நடை வைத்தியரின் தொலைபேசி இலக்கத்தைக் கொட்டில் கம்பத்தில் எழுதி ஒட்டுங்கள். இரவு இரண்டு மணிக்குத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இன்றைக்குப் போடும் என்று எப்படித் தெரியும்?

மடி இறுகிப் பளபளப்பது, பிறப்பு வாசல் வீங்குவது எல்லாம் ஒரு கிழமைக்கு முன்பே தொடங்கிவிடும். அவற்றை வைத்து நாள் சொல்ல முடியாது. நம்பத்தக்க அடையாளம் வாலடியில் இருக்கிறது. வாலின் தொடக்கத்தில், முதுகெலும்புக்கு இரு பக்கமும் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வைத்து மெல்ல அழுத்துங்கள். வழமையாகப் பென்சில் தடிப்பில் இரண்டு இறுக்கமான நாண்கள் விரலில் தட்டுப்படும். அவை இளகிக் காணாமல் போய், இரு பக்கமும் குழி விழுந்து, விரல்கள் ஒன்றையொன்று தொடுமளவுக்கு வந்தால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் குட்டி. பத்து நாள் முன்பிருந்தே தினமும் தொட்டுப் பார்த்தால்தான் இந்த மாற்றம் கைக்குப் பிடிபடும்.

பிறகு ஆடு தனியே ஒதுங்கும், காலால் நிலத்தைப் பறிக்கும், படுத்து எழும்பும், தன் விலாவைத் திரும்பிப் பார்த்துக் குறைந்த குரலில் கத்தும். தெளிந்த சளி கயிறாக இறங்கும்.

எவ்வளவு நேரம் பொறுக்கலாம்? எப்போது கை வைக்க வேண்டும்?

அமைதியில்லாமல் நிற்கும் முதற்கட்டம் 4 முதல் 12 மணி நேரம் வரை போகலாம். தலைச்சன் ஆட்டுக்கு அதிலும் கூடும். இந்த நேரத்தில் நீங்கள் செய்யக்கூடியது தண்ணீர் வைப்பதும் நாயையும் பிள்ளைகளையும் தள்ளி நிறுத்துவதும்தான். ஆடு பலமாக முக்கத் தொடங்கியதிலிருந்து மணிக்கூட்டைப் பாருங்கள். அரை மணி நேரம் பலமாக முக்கியும் ஒன்றும் வெளியே வராவிட்டாலோ, நீர்க்குடம் உடைந்து ஒரு மணி நேரமாகியும் குட்டி வராவிட்டாலோ தாமதிக்கக்கூடாது.

பெரும்பாலான ஆடுகள் எவர் கையும் படாமலே குட்டி போடும். அவசரப்பட்டு இழுத்தால் கருப்பை கிழியும், இல்லாவிட்டால் அழுக்குக் கையால் கருப்பைக்குள் கிருமி ஏறி நாலாம் நாள் தாய் காய்ச்சலில் விழும். இரண்டு முன்னங்கால் குளம்புகளும் அவற்றின்மேல் மூக்கும் தெரிந்தால் அது ஒழுங்கான வரவு, விட்டுவிடுங்கள். இரட்டையானால் அடுத்தது 5 முதல் 30 நிமிடத்தில் வரும்.

ஒரு கால்தான் தெரிகிறது. அல்லது குளம்பின் உள்ளங்கால் மேலே பார்க்கிறது. என்ன செய்வது?

முதலில் அது முன்னங்காலா பின்னங்காலா என்று பாருங்கள். குளம்புக்கு மேலுள்ள மூட்டையும் அதற்கு அடுத்த மூட்டையும் மடக்குங்கள். இரண்டும் ஒரே பக்கம் மடிந்தால் முன்னங்கால். ஒன்று ஒரு பக்கமும் மற்றது எதிர்ப்பக்கமும் மடிந்தால் பின்னங்கால். இருட்டிலும் விரலாலேயே கண்டுபிடிக்கலாம்.

இரண்டு பின்னங்கால்களும் சேர்ந்து வந்தால் குட்டி அப்படியே வெளிவரும், திருப்ப முயல வேண்டாம். ஆனால் இடுப்பு வெளியே வந்ததும் கொப்பூழ்க் கொடி நெரிபடும், தலையோ இன்னும் உள்ளே இருக்கும். அந்தக் கட்டத்திலிருந்து மெதுவாக விடாமல் ஒரே சீராக இழுத்து எடுத்துவிட வேண்டும்.

தலையும் ஒரு காலும் மட்டும் வந்து மற்றக் கால் பின்னால் மடிந்திருந்தால், அல்லது கால்கள் வந்து தலை பக்கவாட்டில் திரும்பியிருந்தால், நகம் வெட்டி, முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவி, கையுறைக்கு மேல் தேங்காய் எண்ணெய் பூசி, ஆடு முக்காத இடைவெளியில் கையை நுழைக்க வேண்டும். குட்டியைச் சற்று உள்ளே தள்ளி இடம் எடுத்த பிறகே காலையோ தலையையோ நேராக்க முடியும். வெளியே கொண்டுவரும்போது குளம்பின் நுனியை உள்ளங்கையால் மூடிக்கொள்ளுங்கள். அது கருப்பையைக் கிழிக்கும். இழுப்பது ஆடு முக்கும்போது மட்டும். திசை நேர் பின்பக்கம் அல்ல, தாயின் பின்முழங்காலை நோக்கிக் கீழ்ப்பக்கம். இதை முன்பு செய்தவர் அருகில் இல்லாவிட்டால் வைத்தியரைக் கூப்பிடுங்கள். பத்து நிமிடத்தில் கைகூடாவிட்டால் அனுபவமுள்ளவரும் நிறுத்த வேண்டியதுதான்.

சின்ன ஊர் மறியைத் தலைச்சனில் பெரிய ஜமுனாபாரி அல்லது போயர்க் கிடாயோடு சேர்த்தால் குட்டி இடுப்பில் சிக்கும் வாய்ப்பு அதிகம். நல்ல விலை போகும் குட்டிக்கு ஆசைப்பட்டுத் தாயை இழக்க வேண்டி வரும். தலைச்சனுக்கு ஊர்க்கிடாயே போதும். கலப்புக் கிடாயை அடுத்த ஈற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

குட்டி விழுந்தும் மூச்சு விடவில்லை.

மூக்கையும் வாயையும் விரலால் துடைத்துச் சளியை எடுங்கள். தலை தாழ்ந்திருக்கும்படி பின்பக்கத்தை உயர்த்திப் பிடித்து, உலர்ந்த துணியால் விலாவை அழுத்தித் தேயுங்கள். ஒரு வைக்கல் துரும்பை மூக்குத் துவாரத்துக்குள் விட்டுக் கிளறினால் தும்மும், அந்தத் தும்மலோடு மூச்சு வரும். நெஞ்சில் விரல் வைத்துப் பாருங்கள். இதயம் அடித்துக்கொண்டிருக்கும்வரை தேய்ப்பதை விட வேண்டாம். வாயில் தண்ணீரோ எண்ணெயோ விடவே கூடாது.

கொப்பூழுக்கு என்ன போடுவது? மஞ்சள் பூசினால் போதாதா?

போதாது. சாம்பல், சாணம் எதுவும் வேண்டாம். கொப்பூழ்க் கொடி ஈரமாக இருக்கும்வரை அது கிருமிக்கு நேரே ஈரலுக்குப் போகும் வழி. கொடி நீளமாகத் தொங்கினால் வயிற்றிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு நூலால் கட்டி, புதிய அலகால் வெட்டுங்கள். பிறகு சின்னப் போத்தலில் அயடீனை ஊற்றி, போத்தலை வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, கொடி முழுதும் அரை நிமிடம் நனையும்படி தோய்க்க வேண்டும். பஞ்சால் தொட்டுவிட்டால் அடிப்பகுதி நனையாது. 12 மணி நேரம் கழித்து மறுபடியும், பிறகு காயும்வரை இரண்டு மூன்று நாளும் தோயுங்கள். போத்தலில் மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள். ஒரு குட்டிக்குத் தோய்த்ததை அடுத்ததற்குப் பாவிக்கக்கூடாது.

இதைத் தவறவிட்டால் இரண்டாம் கிழமையில் முழங்கால் மூட்டுகள் சூடாகி வீங்கி, குட்டி நொண்டும். காலில் அடிபட்டதாக நினைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருப்பார்கள். காரணம் கொப்பூழில் ஏறிய கிருமி. வெயில் காலத்தில் ஈ முட்டையிட்டுக் கொப்பூழில் புழுவும் பிடிக்கும். அதனால் பத்து நாள் வரை தினமும் குட்டியைப் புரட்டிப் பாருங்கள்.

கடும்பு எவ்வளவு, எப்போது குடிக்க வேண்டும்?

முதற்பாலாகிய கடும்பில்தான் நோய் எதிர்ப்பு இருக்கிறது. குட்டியோ கன்றோ பிறக்கும்போது அதன் இரத்தத்தில் அந்தக் காப்பு அநேகமாக இல்லை. கடும்பிலுள்ள காப்புப் புரதத்தைக் குடல் முழுதாக உறிஞ்சுவது முதல் சில மணி நேரம் மட்டும். நேரம் போகப் போகக் குடல் சுவர் மூடிக்கொண்டு வந்து, 24 மணி நேரத்தில் அந்த வழி அடைபட்டுவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு குடித்தாலும் அது வெறும் பால்தான்.

எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது குறைந்த கணக்கு. 2 கிலோக் குட்டிக்கு ஒரு நாளில் 200 மில்லிலீற்றருக்குக் குறையக்கூடாது. அதில் பாதி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் போக வேண்டும். 25 கிலோக் கன்றுக்கு இரண்டரை லீற்றர். ஒன்றரை லீற்றரை முதல் இரண்டு மணி நேரத்திலும் மிச்சத்தை அடுத்த ஆறு மணி நேரத்திலும் கொடுங்கள்.

முலைக்காம்பின் துளையில் மெழுகு மாதிரி அடைப்பு இருக்கும். குட்டி சூப்பிச் சூப்பிப் பார்த்துக் களைத்துவிடும். நீங்களே ஒவ்வொரு காம்பிலும் இரண்டு பீச்சு பீச்சித் திறந்து விடுங்கள். குடித்ததா என்று சந்தேகமானால் குட்டியின் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள், நிறைந்து மெத்தென்று இருக்கும். வாய்க்குள் விரலை விடுங்கள். சூடாக இருந்து விரலைச் சூப்பினால் நல்லது. வாய் குளிர்ந்திருந்தால் முதலில் துணியில் சுற்றிச் சூடாக்க வேண்டும். குளிர்ந்து சோர்ந்த குட்டிக்கு விழுங்கும் பலம் இராது, பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

"இளங்கொடி விழுமுன் பால் விடக்கூடாது" என்று சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இது குட்டிகளைக் கொல்லும் வழக்கம். குட்டி சூப்பும்போது தாயின் உடம்பில் ஊறும் சுரப்புத்தான் கருப்பையைச் சுருக்கி இளங்கொடியைத் தள்ளுகிறது. சூப்ப விட்டால் கொடி சுணங்காமல் விழும்.

வீட்டுக்காரருக்கும் அயலாருக்கும் சீனி போட்டுக் கடும்பு அவிக்க ஆசை இருக்கும். அதில் தவறில்லை. ஆனால் கன்று தன் பங்கைக் குடித்த பிறகு மிஞ்சுவதில் மட்டும். முதற்கறவையில் மிஞ்சியதை ஒரு போத்தலில் உறைய வைத்தால் அடுத்த முறை தாயில்லாத குட்டிக்கு உதவும். உருக்கும்போது கைபொறுக்கும் சுடுதண்ணீரில் போத்தலை வைத்து இளக்குங்கள். அடுப்பில் நேரே காய்ச்சினால் காப்புப் புரதம் திரைந்துவிடும்.

இளங்கொடி எப்போது விழ வேண்டும்?

ஆட்டுக்கு ஒன்று முதல் நாலு மணி நேரம். 12 மணி நேரம் தாண்டினால் வைத்தியர் தேவை. பசுவுக்கும் 12 மணி நேரம் வரை பொறுத்து, பிறகு அறிவியுங்கள். தொங்கும் கொடியில் செங்கல்லோ செருப்போ கட்டுவதும் கையால் இழுப்பதும் கூடாது. கருப்பை உட்புறம் கிழியும், சில வேளை கருப்பையே வெளியே புரண்டு வரும்.

விழுந்த இளங்கொடியைத் தாயும் நாயும் தின்னாமல் உடனே அகற்றுங்கள். ஓலைப்பையில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவது பழைய வழக்கம். கன்று சுகமாகப் பிறந்திருந்தால் அது உங்கள் விருப்பம். குறைமாதத்தில் கலைந்த கன்றானால் தொங்கவிட வேண்டாம். மூன்றடிக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். புருசெல்லா போன்ற கிருமியால் சினை கலையலாம், அது மனிதருக்கும் தொற்றும். கையுறை இல்லாமல் தொடக்கூடாது. கர்ப்பிணிகள் கிட்டவே வரக்கூடாது. அந்தத் தாயின் பாலைக் காய்ச்சாமல் குடிக்கவும் கூடாது. வைத்தியரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்வியுங்கள்.

தாய் குட்டியைச் சேர்க்காமல் முட்டுகிறது.

தலைச்சன் ஆடுகளிலும், இரட்டையில் பிந்திப் பிறந்த குட்டியிலும் இது நடக்கும். முதலில் மடியைப் பாருங்கள். ஒரு பக்கம் சூடாகக் கல்லாக இருந்தால் வலியினால்தான் உதைக்கிறது. பாலில் திரளோ இரத்தமோ வந்தால் மடிவீக்கம், வைத்தியம் வேண்டும். மடி சுகமானால் தாயின் பிறப்பு நீரைக் குட்டியின் முதுகிலும் வாலடியிலும் தடவி மூக்குக்கு நேரே பிடியுங்கள். தாயைக் குறுக்கிக் கட்டி நாலு மணி நேரத்துக்கொரு தடவை பிடித்துச் சூப்ப விடுங்கள். இரண்டு மூன்று நாளில் தன் பால் குட்டியின் வயிற்றைக் கடந்து வந்த மணத்தை அறிந்து பெரும்பாலான தாய்கள் சேர்த்துக்கொள்ளும். பிறந்த குட்டியைக் குளிப்பாட்டுவதும் பலர் மாறிமாறித் தூக்குவதும் அந்த மணத்தை அழிக்கும்.

தாய் இல்லாத குட்டிக்குப் பசுப்பால் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், தண்ணீர் கலக்காமல். நாளுக்கு எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை. இரண்டரைக் கிலோக் குட்டிக்கு 400 முதல் 500 மில்லிலீற்றர், முதற்கிழமை அதை ஐந்து வேளையாகப் பிரித்து. பால் உடம்புச் சூட்டில், 38 அல்லது 39 பாகையில் இருக்க வேண்டும். குட்டி நின்றபடி, தாயின் மடியில் குடிப்பதுபோல் கழுத்தைச் சற்று உயர்த்தியே குடிக்க வேண்டும். உங்கள் மடியில் மல்லாத்திக் குடிப்பித்தால் நுரையீரலில் பால் இறங்கும். சூப்பியின் துளையைப் பெரிதாக வெட்டினாலும் அதே கதிதான். போத்தலைக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், ஓடக்கூடாது. ஒவ்வொரு வேளைக்கும் பிறகு போத்தலைக் கொதிநீரில் கழுவுங்கள். பழைய பால் ஒட்டிய போத்தல்தான் போத்தல் குட்டிகளின் வயிற்றோட்டத்துக்கு முதற்காரணம்.

குட்டி எப்போது குழை தின்னத் தொடங்கும்?

இரண்டாம் கிழமையிலேயே கடிக்கப் பழகும். குட்டியின் வாய்க்கு எட்டும் உயரத்தில் இளங்குழையைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுங்கள். நிலத்தில் போட்டது மிதிபட்டுப் புழுக்கையோடு சேரும். ஒரு மாதத்தில் நாளுக்கு 50 கிராம் கலவைத் தீன், இரண்டரை முதல் மூன்று மாதத்தில் பால் மறப்பிக்கலாம்.

எங்கள் பகுதியில் குறிப்பாகத் தவிர்க்க வேண்டியவை உண்டு. பங்குனியில் புகையிலை வெட்டிய தோட்டங்களில் விடப்படும் தாளும் இலையும் நச்சு. மரவள்ளி இலையைப் பச்சையாகப் போட்டால் சயனைட்டு நச்சேறும், நன்றாகக் காயவிட்ட பிறகே கொடுக்க வேண்டும். அலரி வேலியில் ஒரு கொப்புப் போதும், ஆடு சாகும். வெங்காயத் தாளை அதிகமாகத் தின்ற மாட்டுக்கு இரத்தம் உடைந்து சிறுநீர் சிவக்கும். மருந்தடித்த தாளானால் இன்னும் மோசம்.

பாலூட்டும் ஆடு வெயில் நாளில் ஆறேழு லீற்றர் குடிக்கும். தீவகம் போன்ற உவர் நீர்ப் பகுதிகளில் ஆடு குறைவாகக் குடிக்கும், பாலும் அந்தளவுக்குக் குறையும். நல்ல தண்ணீர் கொஞ்சமே இருந்தால் அதைக் குட்டி உள்ள தாய்க்கு ஒதுக்குங்கள்.

ஒரு மாதக் குட்டிக்கு வயிற்றோட்டம்.

மூன்று கிழமைக்கு மேற்பட்ட குட்டியில் பின்பக்கம் அழுக்காகி, மெலிந்து, சில வேளை சளியும் இரத்தமும் போனால் கொக்சிடியா என்ற நுண்ணுயிரை முதலில் சந்தேகிக்க வேண்டும். இதற்குப் பூச்சி மருந்து வேலை செய்யாது, வேறு மருந்து வேண்டும். புழுக்கையைச் சுத்தமான பையில் போட்டு வைத்தியரிடம் கொண்டுபோங்கள். அதுவரை பாலை நிறுத்த வேண்டாம். பாலுக்கு இடையிடையே வயிற்றோட்டத்துக்கு மனிதருக்குக் கொடுக்கும் ஜீவனி உப்புத்தூளைப் பொதியில் சொன்னபடி கரைத்துக் கொடுங்கள். தண்ணீர்ச் சட்டியையும் தீன் பெட்டியையும் புழுக்கை விழாத உயரத்தில் கட்டினால் பாதிப் பிரச்சினை தீரும்.

பசு கன்று போடுவதில் என்ன வேறுபாடு?

சினைக்காலம் 280 நாளை ஒட்டியது. ஒன்பது மாதமும் ஒரு கிழமையும் என்று கணக்கு வையுங்கள். கடைசி 60 நாள் பால் மறப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் கடும்பும் தரம் குறையும், அடுத்த கறவையும் குறையும். நீர்க்குடம் தெரிந்து இரண்டு மணி நேரத்தில் கன்று வராவிட்டால் வைத்தியரைக் கூப்பிடுங்கள். நாகு பசுவை இன்னும் கூர்ந்து கவனியுங்கள்.

ஜேர்சிக் கலப்புப் பசுக்களில் மூன்றாம் ஈற்றுக்குப் பிறகு பால்காய்ச்சல் வரும். பெயர் காய்ச்சல் என்றாலும் உடம்பு குளிரும். கன்று போட்டு இரண்டு மூன்று நாளுக்குள் பசு தள்ளாடிப் படுத்து, காதுகள் சில்லிட்டு, கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு கிடக்கும். இரத்தத்தில் கல்சியம் திடீரென்று பாலுக்குள் இறங்கிவிட்டதால் தசை இயங்கவில்லை. வைத்தியர் நரம்பில் கல்சியம் மெதுவாக ஏற்றினால் அநேகமாகச் சில மணி நேரத்தில் எழும்பிவிடும். அதுவரை பசுவை ஒருபக்கமாகச் சரிய விடாமல் வைக்கல் மூட்டை அணைத்து நெஞ்சில் இருத்துங்கள். வாயில் எதையும் பருக்காதீர்கள், விழுங்கும் தசையும் செயலிழந்திருக்கும். ஈனுவதற்கு முந்திய கிழமைகளில் கல்சியம் தூளை அள்ளிக் கொடுப்பதும் தடுக்காது. எலும்பிலிருந்து கல்சியம் எடுக்கும் வேலையை உடம்பு மறந்துவிடும், ஆபத்துக் கூடும்.

கோழி அடைக்கு வைக்க எத்தனை முட்டை?

ஊர்க்கோழிக்கு 10 முதல் 12. அதன் உடம்பு மூடும் அளவே கணக்கு. பங்குனி வெயிலில் சாதாரண அறையிலேயே முட்டைக்குள் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். மணலை நனைத்து அதன்மேல் மண்சட்டி வைத்து, ஈரச் சாக்கால் மூடி, முட்டையின் மொட்டைப் பக்கம் மேலே இருக்க அடுக்குங்கள். அப்படியும் ஐந்து நாளுக்கு மேற்பட்டதை அடைக்கு வைக்க வேண்டாம். முட்டையைக் கழுவவும் கூடாது.

கடகத்தில் மணலும் அதன்மேல் வைக்கலும் போட்டு, கோழிப்பேன் சேராமல் வேப்பிலை அடியில் பரப்பி, நிழலான அமைதியான மூலையில் வையுங்கள். ஏழாம் நாள் இரவு டோர்ச்சின் மேல் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். சிவந்த நரம்பு வலை தெரிந்தால் கரு உண்டு, தெளிவாக இருந்தால் எடுத்துவிடலாம். 21ஆம் நாள் குஞ்சு பொரிக்கும். ஓட்டில் துளையிட்ட குஞ்சை 24 மணி நேரம் வரை தொடாதீர்கள். ஓட்டை உரித்து உதவப் போனால் இன்னும் உள்ளிழுக்காத மஞ்சட்கரு கிழிந்து இரத்தம் போகும்.

தாயில்லாக் குஞ்சுகளுக்கு விளக்குச் சூடு எவ்வளவு?

முதற்கிழமை 32 முதல் 35 பாகை, பிறகு கிழமைக்கு 3 பாகை குறையலாம். வெப்பமானி இல்லாவிட்டால் குஞ்சுகளைப் பாருங்கள்: விளக்கடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாய் பிளந்தால் சூடு, பரவலாகத் திரிந்தால் சரி. எல்ஈடி குமிழ் சூடு தராது. பழைய 60 வாற்று இழைக் குமிழ் தேவை, உமியில் படாத உயரத்தில். பங்குனிப் பகலில் பெரும்பாலும் விளக்கே வேண்டியதில்லை, விடிகாலையில்தான் வேண்டும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், இல்லாவிட்டால் குஞ்சு விழுந்து சாகும்.

இராணிக்கெட்டு என்ற கோழி நோய்க்கான தடுப்பு மருந்தை ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு விடுங்கள், வைத்தியர் சொல்லும் நாளில் மறுபடி. ஒரு குப்பி மருந்து நூறு குஞ்சுக்கு மேல் வரும், கரைத்த பின் இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அயலில் நாலைந்து வீடு சேர்ந்து ஒரே காலையில் போட்டால் மருந்தும் வீணாகாது, ஒரு வளவில் தொடங்கும் நோய் அடுத்த வளவுக்கும் போகாது. குப்பியை ஐஸ் போட்ட சுடுநீர்ப் போத்தலில் (பிளாஸ்க்) கொண்டுவாருங்கள்.

அடுத்த சினைக்கு எப்போது விடுவது?

ஆட்டுக்கு இரண்டரை, மூன்று மாதம் கழித்து, உடம்பு தேறியிருந்தால். விலாவில் கை வைத்து எலும்புகளை எண்ண முடிகிறதென்றால் இன்னும் பொறுங்கள். பால் மறந்த கிடாய்க்குட்டிகளை மூன்று மாதத்திலேயே பிரித்துக் கட்டுங்கள். நாலு மாதத்திலேயே அவை தாயையும் கூடப்பிறந்த மறியையும் சினைப்படுத்தக்கூடியவை. ஒரே கிடாயை அதன் மகள்களோடு சேர்க்காமல், இரண்டு வருடத்துக்கொரு முறை வேறு ஊர் வளர்ப்பாளரிடம் மாற்றிக்கொள்ளுங்கள். புதிதாக வரும் கிடாயை மூன்று கிழமை தனியே கட்டி, மூக்குச் சளி, சொறி, வயிற்றோட்டம் ஏதும் உண்டா என்று பார்த்த பிறகே மந்தையில் விடுங்கள்.